பாலாத்தங்கரையிலிருந்து ஒரு பாய்மரம்!

"வாலாஜாபாத்ல கடல் எங்க இருக்கு?"

நாளைக்குக் காலேஜ் பஸ்ஸில் பக்கத்து சீட் நண்பரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். 'நைட் சரியாத் தூங்கலையா மச்சி?' என்பார். ஆனால் கேள்வி அப்படி ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. நம்ம ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற (சரி சரி, பெரும்பாலும் மணலாகக் கிடக்கிற) பாலாறு, செங்கல்பட்டைத் தாண்டி, கல்பாக்கம் பக்கம் வயலூரில் கடலில் கலக்கிறது. 2021 நவம்பரில் வெள்ளம் வந்து அவளூர் தரைப்பாலத்தை மூழ்கடித்ததே, அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? நேராக வங்காள விரிகுடாவுக்கு!

இப்போது அடுத்த கேள்வி. அந்தக் கடலில், இன்ஜினை நம்பாமல், வெறும் காற்றையும் பாயையும் நம்பி, நாற்பது நாள் கரையே கண்ணில் படாமல் போக வேண்டும் என்றால் என்ன தயாரிப்பு வேண்டும்?

'நமக்கெதுக்குங்க அதெல்லாம்?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி போய்விட்டு வந்துவிட்டார்!

லெப்டினென்ட் கமாண்டர் ரூபா, கூடவே கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினென்ட் கமாண்டர் தில்னா. இரண்டே பேர். படகின் பெயர் 'தாரிணி'. 56 அடி நீளம். கோவாவில் கட்டப்பட்டு 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்தது. 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து பாயை விரித்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஃபிரிமேன்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்து தீவின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன்... உலகையே ஒரு சுற்றுச் சுற்றி 2025 மே 29-ம் தேதி கோவா திரும்பினார்கள். கிட்டத்தட்ட எட்டு மாதம். 25,400 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், பெருக்கிக்கொள்ளுங்கள்.

ரூபா படித்தது ஏரோஸ்பேஸ் இன்ஜினீயரிங். 2017-ல் கடற்படையில் சேர்ந்தவர். அதாவது, உங்களை மாதிரியே இன்டர்னல் மார்க், அசைன்மென்ட் என்று அலைந்த ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடண்ட்தான்!

எட்டு மாதப் பயணத்துக்கு மூணு வருஷ ரிகர்சல்

பேப்பரில் போட்டோ பார்த்தால் 'அடேங்கப்பா, தைரியம்!' என்று தோன்றும். தைரியம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தைரியம் எப்படி வந்தது என்று பார்த்தால்தான் சுவாரஸ்யம்.

இவர்கள் எடுத்த எடுப்பில் உலகம் சுற்றக் கிளம்பவில்லை. மூன்று வருடம் பயிற்சி. 2022 நவம்பரில் கோவாவிலிருந்து கேப்டவுன், அங்கிருந்து பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ, திரும்ப கோவா என்று ஆறு பேர் கொண்ட குழு 'தாரிணி'யில் போனது. 188 நாள். அந்தக் குழுவில் இந்த இருவரும் உண்டு. கூட சீனியர்கள் இருக்கும்போது தப்புச் செய்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொள்கிற கட்டம் அது. பிறகு 2024 பிப்ரவரி கடைசியில் இரண்டே பேராக மொரீஷியஸ் போய், ஏப்ரலில் திரும்பினார்கள். முதலில் ஆறு பேராக, பிறகு இருவராக. இருவராகப் போனதிலும் முதலில் சின்ன தூரம், பிறகு பெரிய தூரம். உலகச் சுற்றுக்குக் கிளம்பும்போது இவர்கள் கணக்கில் 38,000 கடல் மைல் ஏற்கெனவே ஏறியிருந்தது!

இவர்களுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். திலீப் தோண்டே. தனியாகப் பாய்மரத்தில் உலகம் சுற்றிய முதல் இந்தியர். 2006-ல் கடற்படை 'யார் வர்றீங்க?' என்று ஆள் தேடியபோது கை தூக்கினார். கையில் படகே இல்லை! கோவாவில் ரத்னாகர் தாண்டேகர் என்பவரின் பட்டறையில் 'மாதேயி' என்ற படகு கட்டப்பட, கூடவே நின்று ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தெரிந்துகொண்டார். அவரும் ரிகர்சலுக்கு மொரீஷியஸ்தான் போனார். அங்கிருந்து தனியாக ஓட்டித் திரும்பினார். அதன் பிறகுதான் 2009 ஆகஸ்ட்டில் மும்பையிலிருந்து உலகச் சுற்று, 2010 மே மாதம் முடிந்தது. மூன்று வருடத் தயாரிப்பு, ஒன்பது மாதப் பயணம். செமஸ்டருக்கு முந்தின நாள் நைட் ஜெராக்ஸ் கடையில் நிற்கிற பார்ட்டிகள் கவனிக்கவும்!

ஒரகடத்துக்காரருக்கு இது புதுசு இல்லை

தயாரிப்பு என்றால் என்ன? டம்பெல்ஸ் தூக்குவதா? அதுவும்தான். ஆனால் பெரும்பகுதி அது இல்லை. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இன்பிளான்ட் டிரெய்னிங் போயிருக்கிறீர்களா? இல்லை, வீட்டில் அண்ணனோ அக்காவோ அங்கே ஷிப்ட் பார்க்கிறார்களா? அப்படியானால் பாதி உங்களுக்குத் தெரியும்.

கம்பெனியில் 'ஃபைவ் எஸ்' என்று போர்டு மாட்டியிருப்பார்கள். ஸ்பேனர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேனர் படம் வரைந்து வைத்திருப்பார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். நடுக்கடலில் வராது. ராத்திரி ரெண்டு மணி, கும்மிருட்டு, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, டார்ச் எங்கே? தேடுகிற நேரத்தில் பாய் கிழிந்துவிடும். அதனால் கத்தி, டார்ச், ஷேக்கிள், கயிறு எல்லாவற்றுக்கும் ஒரே இடம். கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டால் கிடைக்க வேண்டும்.

அடுத்தது ஸ்பேர்ஸ். கம்பெனியில் மெஷின் நின்றால் மெயின்டனென்ஸ் ஆளைக் கூப்பிடலாம். கடலில் மெயின்டனென்ஸ் ஆளும் நீங்கதான், ஆபரேட்டரும் நீங்கதான், கேன்டீனும் நீங்கதான்! கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொரு பொருளையும் பார்த்து 'இது நின்னுபோனா என்ன செய்வேன்?' என்று கேட்டு எழுத வேண்டும். ஆட்டோபைலட் நின்றால்? கையால் ஓட்டணும். சுக்கான் வயர் அறுந்தால்? அவசரத்துக்குச் செருகுகிற தனிக் கைப்பிடி இருக்கணும். ஜி.பி.எஸ். போனால்? இன்னொரு ஜி.பி.எஸ். அதுவும் போனால்? பேப்பர் சார்ட், காம்பஸ், முடிந்தால் செக்ஸ்டன்ட் வைத்துச் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரியணும். பாய் தைக்க ஊசி, நூல், உள்ளங்கைக்குத் தோல் பட்டை. கம்பம் சரிந்தால் கம்பிகளை வெட்டிவிட கட்டர். ஆமாம், வெட்டிவிடத்தான்! உடைந்த கம்பம் தண்ணீரில் தொங்கிக்கொண்டு படகின் பக்கவாட்டையே இடித்து ஓட்டை போட்டுவிடும்.

இவ்வளவு பார்த்தும் ஏதாவது ஒன்று உடையும். 2017-18-ல் ஆறு பெண் அதிகாரிகள் இதே 'தாரிணி'யில் உலகம் சுற்றினார்களே, அவர்களுக்கு வீட்டுக்குத் திரும்புகிற கடைசிக் கட்டத்தில் ஸ்டியரிங் பழுது. 2018 ஏப்ரலில் மொரீஷியஸில் ஒதுங்கிச் சரிசெய்துகொண்டு, மே 21-ம் தேதி கோவா வந்து சேர்ந்தார்கள். 'இடையில் எங்கே ஒதுங்கலாம்' என்று மேப்பில் முன்கூட்டியே பார்த்து வைப்பதும் தயாரிப்பில் சேர்த்தி.

ஷிப்ட் விஷயம் இன்னும் வேடிக்கை. இரண்டு பேர் போகும் படகில் ஒருவர் தூங்கினால் மற்றவர் முழித்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று மாறி மாறி. நைட் ஷிப்ட் பார்க்கும் அண்ணனிடம் கேளுங்கள். முதல் மூன்று நாள் உயிரை எடுக்கும், அப்புறம் உடம்பு பழகிவிடும் என்பார். ஆனால் கம்பெனியில் ரிலீவர் வரவில்லை என்றால் ஓ.டி. கிடைக்கும். கடலில் ரிலீவர் எழுந்திருக்கவில்லை என்றால்? ரோட்டில் போகும் லாரிகள் மாதிரி ராட்சதக் கப்பல்கள் போகும் பாதை அது. அவர்கள் கண்ணுக்கு உங்கள் படகு ஒரு கடுகு. அதனால் தூக்கத்தை 'சோம்பேறித்தனம்' என்று நினைக்காமல், சாப்பாடு மாதிரி கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளப் பழகுகிறார்கள்.

ஒரு கேன் தண்ணி எத்தனை நாளைக்கு?

கொஞ்சம் கணக்குப் போடலாமா?

கோவா டு ஃபிரிமேன்டில் ஏறத்தாழ 4,900 கடல் மைல். இவர்கள் எடுத்துக்கொண்டது 39 நாள். ஒரு நாளைக்குச் சுமார் 125 கடல் மைல். மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட வராது! நம்ம ஊரிலிருந்து ஒரகடத்துக்கு சைக்கிளில் போகிறவர் இவர்களை ஓவர்டேக் பண்ணிவிடுவார். வித்தியாசம், அவர் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார். இவர்கள் 24 மணி நேரமும் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது தண்ணீர். குடிக்க, சமைக்க என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குளியல்? மறந்துவிடுங்கள், உப்புத் தண்ணீர்தான்! இரண்டு பேர், 39 நாள். 312 லிட்டர். நம்ம வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் கேன் கணக்கில் 16 கேன். அது எல்லாம் ஒழுங்காக நடந்தால். காற்றே இல்லாமல் படகு அப்படியே நின்றுவிட்டால்? பூமத்திய ரேகைப் பக்கம் 'டோல்ட்ரம்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே சில நாட்கள் காற்று லீவு போட்டுவிடும். எனவே பாதிக்குப் பாதி கூடுதலாக வை. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. மெஷின் படகில் இருந்தாலும், அது ரிப்பேர் ஆகும் என்று நினைத்துத்தான் கணக்குப் போடணும். எல்லாத் தண்ணீரையும் ஒரே டேங்க்கில் வைக்கக் கூடாது. ஒன்று கெட்டால் மற்றது இருக்கட்டும். மழை பெய்தால் பாயின் அடியில் பக்கெட் வைத்துப் பிடிக்கவும் தெரியணும். நம்ம வீட்டு அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.

சாப்பாட்டில் முதல் வாரம் காய்கறி, பழம். பிறகு வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி மாதிரி தாக்குப்பிடிக்கிற சமாசாரங்கள். அதன் பிறகு வெந்நீர் ஊற்றினால் உப்புமாவாகும் பாக்கெட்டுகள்தான். ஹாஸ்டல் மெஸ்ஸைத் திட்டுகிறவர்கள் ஒரு மாதம் இதைச் சாப்பிட்டுப் பார்க்கலாம்!

முதல் மூன்று நாள் எதுவுமே இறங்காது என்பது தனி விஷயம். கடல் நோய்! கோவளத்தில் ஒருமுறை மீன்பிடிப் படகில் ஏறி, கலங்கரை விளக்கம் கண்ணிலிருந்து மறைவதற்கு முன்பே நான் பண்ணிய அமர்க்களத்தைப் படகுக்கார அண்ணன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். "தூரத்துல வானம் கடல் சேர்ற கோட்டையே பாரு தம்பி, கீழ பார்க்காத" என்றார். சரியான வைத்தியம் அதுதான். கண் சொல்வதும் காதுக்குள் இருக்கும் பேலன்ஸ் உறுப்பு சொல்வதும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். கடற்படையில் இருப்பவர்களுக்கும் வரும். வாந்தி எடுத்துக்கொண்டே வேலை பார்க்கப் பழகுவார்கள், அவ்வளவுதான்.

விழுந்தால்?

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை சினிமா டிரெய்லர் ஆகிவிடும்.

மணிக்குப் பத்து கிலோமீட்டர் ரொம்ப மெதுவு என்றோமே... அந்த வேகத்தில் ஒரு நிமிடத்தில் படகு 160 மீட்டர் போய்விடும். நீங்கள் தவறி விழுந்து, கூட இருப்பவர் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பார்ப்பதற்குள் அலைகளுக்கு நடுவே உங்கள் தலை ஒரு தேங்காய் அளவுக்குக்கூடத் தெரியாது. அதனால்தான் ஹார்னஸ். இடுப்பிலும் தோளிலும் பட்டை, அதிலிருந்து ஒரு கயிறு, படகின் நீளத்துக்கு ஓடும் பட்டையில் கொக்கி. இரவில் மேலே வந்தால் கொக்கி போடாமல் ஒரு காலடி வைக்கக் கூடாது. ஹெல்மெட் போடாமல் வாலாஜாபாத் ரவுண்டானா வரைக்கும்தானே என்று கிளம்புகிறோமே, அந்தப் பழக்கம் இங்கே உதவாது.

அபிலாஷ் டோமி கதை தெரியுமா? எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர். 2012 நவம்பரில் மும்பையில் கிளம்பி 2013-ல் திரும்பினார். 2018-ல் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் கலந்துகொண்டார். ஜி.பி.எஸ். கூடாது, பழைய காலத்து மாதிரி செக்ஸ்டன்ட் வைத்துத்தான் ஓட்டணும் என்பது அந்தப் பந்தயத்தின் விதி. செப்டம்பர் 21-ம் தேதி தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல். படகு அப்படியே உருண்டது. கம்பம் உடைந்தது. முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்திருக்கவே முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தூரம். மூன்று நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். செப்டம்பர் 24-ல் 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது.

அவ்வளவு அனுபவசாலிக்கே இப்படி என்றால் தயாரிப்பு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். அவர் எங்கே இருக்கிறார் என்பது கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவரால் 'எழுந்திருக்க முடியவில்லை' என்று செய்தி அனுப்ப முடிந்தது. சிக்னல் கருவி கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. தயாரிப்பு புயலை நிறுத்தாது, பாஸ். புயலுக்கு அப்புறம் உங்களைத் தேடி வருபவர்களுக்கு வழி காட்டும்.

பிறகு? முதுகில் டைட்டானியம் வைத்து ஆபரேஷன். மறுபடி நடக்கக் கற்றுக்கொண்டார். 2022-ல் அதே பந்தயத்துக்கு மறுபடி போனார்! 2023 ஏப்ரல் 29-ம் தேதி இரண்டாவதாக வந்து முடித்தார். ரூபாவுக்கும் தில்னாவுக்கும் பயிற்சி கொடுத்த குரு இவர்தான். அடிபட்டவர் சொல்லித்தரும்போது மாணவர்கள் கொக்கி போட மறப்பார்களா என்ன?

சும்மா ஒரு கற்பனைக்கு... 2025 ஜனவரி 30. 'பாயின்ட் நீமோ' என்ற இடத்தைத் 'தாரிணி' கடக்கிறது. உலகத்திலேயே கரையிலிருந்து மிக மிகத் தள்ளியுள்ள கடல் புள்ளி. எந்தப் பக்கம் போனாலும் நிலம் 2,688 கிலோமீட்டர். தலைக்கு மேலே 400 கிலோமீட்டரில் விண்வெளி நிலையம் சுற்றுகிறது. அது அந்தப் பக்கம் கடக்கும்போது அதில் இருப்பவர்கள்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள்! கீழே குளிர் ஒரு டிகிரி வரை. ஆறேழு அடுக்கு உடை. கை மரத்துப்போனால் கேஸ் அடுப்பில் சூடு காட்டிக்கொண்டோம் என்று பிறகு பிரதமருடன் பேசும்போது சொன்னார்கள்.

சரி, நான் எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சொந்தப் படகு வாங்கி உலகம் சுற்றுவது நம்ம பட்ஜெட் இல்லை. ஒரகடத்தில் அப்பா வாங்கும் சம்பளத்தில் அதைப் பற்றிப் பேசுவதே தமாஷ். ஆனால் மேலே வந்த இந்தியப் பெயர்களைத் திரும்பப் பாருங்கள். எல்லோரும் கடற்படை. அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டே பாய்மரம் கற்றவர்கள். ரூபா மாதிரி டிகிரி முடித்து ஷார்ட் சர்வீஸ் அதிகாரியாகச் சேர்வது ஒரு வழி. காலேஜில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு இருந்தால் அதில் சேருங்கள். துடுப்புப் படகும் பாய்மரமும் அங்கேயே தொட்டுப் பார்க்கலாம். சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இருக்கிறது. தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் இருக்கிறது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைப் பெண். படித்தது காட்டாங்கொளத்தூரில், மெக்கானிக்கல்! அவர் ஓட்டுவது ஒற்றை ஆள் குட்டிப் படகு, கரையோரப் பந்தயம். ஆனால் காற்றைப் படிப்பது எல்லாப் படகுக்கும் ஒன்றுதான்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மெர்ச்சன்ட் நேவி வேறு, இது வேறு. அங்கே இன்ஜின், சரக்கு. 'கப்பல்ல வேலை வாங்கித் தர்றேன், ரெண்டு லட்சம் கட்டு' என்று வருகிற ஏஜென்ட்டுகளிடம் ஏமாறாதீர்கள். கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் இல்லாதவர் பக்கமே போக வேண்டாம்.

எதற்கும் முன்னால் நீச்சல். நீச்சல் தெரியாமல் படகு ஆசை வேண்டவே வேண்டாம். அதற்காகத் தென்னேரி ஏரியிலோ, கல்குவாரிக் குட்டையிலோ 'சும்மா ட்ரை பண்றேன்டா' என்று குதிக்காதீர்கள். கல்குவாரியில் ஓரமே இருக்காது, காலை வைத்தால் நேரே ஆழம். ஒவ்வொரு கோடையிலும் பசங்க போகிற செய்தியைப் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்? காசு கொடுத்து, கோச் இருக்கிற நீச்சல் குளத்தில் கற்றுக்கொள்ளுங்கள்.

காற்றைக் கவனியுங்கள். வடக்கேயிருந்து வந்தால் வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், மேற்கேயிருந்து கச்சான். நம்ம கடற்கரைக்காரர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். 'கட்டுமரம்' என்ற நம்ம வார்த்தையைத்தான் இங்கிலீஷ்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். மாடியில் துணி காயும்போது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ஏன் மாறுகிறது என்று உங்களுக்கே கேள்வி வரும்.

அப்புறம் கயிறு. கடையில் ரெண்டு மீட்டர் நைலான் கயிறு வாங்குங்கள். 'போலைன்' முடிச்சு. கயிற்றின் நடுவில் ஒரு சின்ன வளையம் போடுங்கள். அது எலி வளை. அதற்கு மேலே போகும் கயிறு மரம். நுனிதான் எலி. எலி வளைக்குள்ளிருந்து மேலே வருகிறது, மரத்தைப் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது, வந்த வளைக்குள்ளேயே திரும்ப இறங்குகிறது. இழுத்து இறுக்குங்கள். இந்த வளையம் எவ்வளவு பாரம் வந்தாலும் சுருங்காது, பாரம் போனதும் சுலபமாக அவிழும். படகில் பாயைக் கட்டுவதும் இதே முடிச்சுதான்.

பஸ் ஒரகடம் சிக்னலில் நிற்கும் நேரம் போதும், நாலு தடவை போட்டுவிடலாம். நன்றாக வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். அதுவும் வந்துவிட்டால் ஒரு கையால். பக்கத்து சீட் நண்பர் இந்த முறை சிரிக்க மாட்டார், 'எங்க, கொடு பார்க்கலாம்' என்று கயிற்றை வாங்கிக்கொள்வார்.